தேதி இல்லாத ஞாபகம்

"ரவுண்ட் ஆஃப் பில்லோட கடைசியில ஒரு தடவைதான். ஐட்டத்துக்கு ஐட்டம் கிடையாது." திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா இதை என்னிடம் ஒரு முறைதான் சொன்னார். நான் அதை ஏஐ கோடிங் உதவியாளரிடம் இருபது முறையாவது சொல்லியிருப்பேன். கடையின் பில்லிங் மென்பொருளை இரண்டு வருடமாக எழுதிப் பராமரிப்பது நான். 2025 கோடையிலிருந்து அதில் பாதி வேலையை டெர்மினலில் ஓடும் அந்த உதவியாளர் செய்கிறது. பகல் முழுக்கச் சேர்ந்து வேலை பார்ப்போம். கடையின் நெளிவுசுளிவெல்லாம் சாயங்காலத்துக்குள் அதற்கு அத்துப்படி ஆகிவிடும். இரவு டெர்மினலை மூடிக் காலையில் திறந்தால் மறுபடி அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஆள்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மெமரி ப்ளக்இன்கள் வந்திருக்கின்றன. மூன்று மாதமாக அவற்றோடுதான் என் பொழுது போகிறது. ஒன்றைக் கழற்றி எறிந்தேன், ஒன்றை வைத்துக்கொண்டேன்.

ப்ளக்இன் தேவையா என்ற கேள்வி நியாயமானது. திட்டத்தின் கோப்புறையில் 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி' என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்தால் இன்றைய உதவியாளர்கள் பலவும் அதைப் படித்துவிட்டே செஷனைத் தொடங்குகின்றன. என்னிடமும் அது இருக்கிறது. எந்த டேட்டாபேஸ், டெஸ்ட்டை எப்படி ஓட்டுவது, எந்தக் கோப்பில் கைவைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அடிக்கடி மாறாத சங்கதிகளுக்கு அது போதும். ஆனால் ஒரு கடையின் வழக்கங்கள் மொத்தமாக ஒரே நாளில் தெரியவருவதில்லை. ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு போகும்போது பாதி வழியில் ஒன்று தெரியும், சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டால் இன்னொன்று தெரியும். இரவு பதினொன்றரை மணிக்குப் பிழை தீர்ந்த நிம்மதியில், கோப்பைத் திறந்து அதை எழுதிவைக்கும் பழக்கம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. தெரியவந்த நிமிடத்திலேயே, பேச்சோடு பேச்சாகக் குறித்துவைக்க ஒரு கை வேண்டும். ப்ளக்இன்னிடம் நான் எதிர்பார்த்தது அதைத்தான்.

முதலில் போட்ட ப்ளக்இன்னின் பெயர் இங்கே வேண்டாம். ஒரே கட்டளையில் நிறுவலாம், அதன் பிறகு எதையும் கேட்காது, நடப்பதையெல்லாம் தானே கவனித்துச் சுருக்கி டேட்டாபேஸில் சேர்த்துவிடும் என்று அறிமுகத்தில் எழுதியிருந்தார்கள். சொன்னபடியே செய்தது. என் எரிச்சலுக்குக் காரணமும் அதுவே. இன்வாய்ஸ் கோப்பு திருத்தப்பட்டது, டெஸ்ட் ஓடியது, பிழைச்செய்தி வந்தது, பிழை சரியானது என்று நூற்றுக்கணக்கில் குறிப்புகள். இவற்றில் ஒன்றுகூட மறுநாள் வேலைக்கு ஆகாது. அன்று என்ன மாறியது என்பதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஏன் மாற்றினோம் என்பதுதான் எனக்கு வேண்டும், அது மட்டும் எதிலும் இல்லை. சுருக்குவதற்கு இன்னொரு மாடலை அழைக்கிறது, அதற்கும் டோக்கன் செலவு. காலையில் நான் முதல் வார்த்தையைத் தட்டும் முன்பே பழைய குறிப்புகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. உதவியாளர் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கக்கூடிய கான்டெக்ஸ்ட் அளவோடு இருப்பது. மேசை முழுக்கப் பழைய துண்டுச்சீட்டுகளைப் பரப்பிவைத்தால் இன்றைய பில்லை எங்கே வைத்து எழுதுவது?

அதைவிட மோசம், உள்ளே என்ன இருக்கிறது என்று என்னால் வாசிக்க முடியவில்லை. அதற்கென்று ஒரு திரை உண்டு. அதில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஆனால் ஒரு தவறான குறிப்பைக் கண்டுபிடித்து நீக்குவதற்குள் புதிதாகப் பத்து சேர்ந்துவிடும். மூன்று வாரத்தில் கழற்றிவிட்டேன்.

இரண்டாவதாக வந்தது மிகச் சாதாரணமான ஒன்று. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஏஐ உதவியாளர்கள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான ஒப்பந்தம் அது. அந்தத் திட்டத்தில் மாதிரிக்காகத் தந்திருக்கும் சர்வர்களில் ஒன்று மெமரி சர்வர். உள்ளே நடப்பது மூன்றே காரியம். ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும், அதன்கீழ் சின்னச் சின்ன வாக்கியங்களாகக் குறிப்பு எழுதும், ஒரு பொருளுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவைச் சொல்லும். சேர்க்க, நீக்க, தேட, படிக்க என்று மொத்தம் ஒன்பது கருவிகள். எல்லாம் போய்ச் சேர்வது ஒரே ஒரு உரைக் கோப்பில், பொருளுக்கு ஒரு வரி என்ற கணக்கில். நோட்பேடில் திறந்தாலே வாசிக்கலாம். தமிழில் எழுதினால் தமிழாகவே இருக்கும்.

அந்தக் கோப்பை முதல்முறை திறந்து பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. உதவியாளர் என் கடையைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது முழுக்கக் கண்முன் இருந்தது. தவறாக இருந்தால் அழிக்கலாம், கிட்டில் சேர்த்தால் எந்த நாளில் எது மாறியது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். ஒரு மென்பொருள் தன்னிடம் உள்ளதை இப்படித் திறந்து காட்டினால் அதன்மேல் எனக்கு ஒரு விசுவாசம் வந்துவிடும்.

நிறுவும்போது ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நோட் ஜேஎஸ் இருந்தால் என்பிஎக்ஸ் வழியாக ஒரே கட்டளையில் சர்வர் ஓடத் தொடங்கிவிடும். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். நினைவுக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் முழுப் பாதையாகச் சொல்லலாம். சொல்லாவிட்டால் சர்வர் தன் நிரல் இருக்கும் இடத்திலேயே கோப்பை வைத்துக்கொள்ளும். என்பிஎக்ஸ் வழியாக ஓட்டும்போது அந்த இடம் என்பிஎம்-மின் தற்காலிகக் கிடங்கு. ஐந்து நாள் கழித்து ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாமல் அந்தக் கிடங்கை நானே மொத்தமாக அழித்தேன். ஐந்து நாள் நினைவும் அதோடு போயிற்று. பாதையைக் குறிப்பிடலாம் என்று வழிகாட்டியில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் தாண்டிப்போயிருக்கிறேன். நீங்கள் இதைப் போடுவதாக இருந்தால் முதல் வேலையாகப் பாதையைக் கொடுங்கள். திட்டக் கோப்புறைக்கு உள்ளேயே இருக்கட்டும். ஒரே கோப்பை எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக வைத்தால் ஒரு கடையின் வழக்கம் இன்னொரு வேலைக்குள் புகுந்துவிடும்.

தமிழில் எழுதிவைப்பவர்களுக்கு மட்டுமான ஒரு சங்கதியும் உண்டு. இதன் தேடல் நேரடியானது. கொடுத்த எழுத்துத் தொடர் அப்படியே குறிப்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். 'கணக்கு' என்று தேடினால் 'கணக்கில்' என்று எழுதிய குறிப்பு கிடைக்காது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல். யூனிகோடில் முதல் சொல்லின் கடைசியில் உகரக் குறி இருக்கிறது, இரண்டாவதில் அதே இடத்தில் இகரக் குறி இருக்கிறது, ஆகவே பொருந்தாது. 'பட்டியல்' என்று தேடினாலும் இதே கதிதான். புள்ளியோடு முடியும் அந்தச் சொல் 'பட்டியலில்' என்பதற்குள் இல்லை. 'கொத்தனார்' என்பதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடலுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. இதில் சர்வரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, எளிமைக்குக் கொடுக்கும் விலை இது.

நான் கண்டுகொண்ட வழி, பொருளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது. சிமென்ட், ரவுண்ட் ஆஃப், ரிட்டர்ன் என்று பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. தேடல் பெயரையும் பார்ப்பதால் அதில் சிக்கிவிடும். கீழே குறிப்புகள் தமிழில். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் எடுக்கும் என்பது தெரிந்தேதான் செய்கிறேன். காரணம் கடைசியில் வருகிறது.

முதல் இரண்டு வாரம் தேனாக இருந்தது. ஒருநாள் காலை செஷனைத் திறந்து, கொட்டேஷன் அச்சிடும் பகுதியில் மொத்தத்தைச் சரிபார்க்கச் சொன்னேன். ரவுண்ட் ஆஃப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது தானே நினைவைப் படித்துவிட்டு, ஐட்டத்துக்கு ஐட்டம் முழுமையாக்கக் கூடாது என்று இங்கே முடிவாகியிருக்கிறது, ஆகவே கடைசியில் ஒரு முறை மட்டும் செய்கிறேன் என்று சொல்லி வேலையைத் தொடங்கியது. இருபத்தோராவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில் எழுதப்பட்ட குறிப்புகளில் ஒன்று: 'சிமென்ட், ஹெச்எஸ்என் 2523, ஜிஎஸ்டி 28 சதவீதம்.' எழுதிய நாளில் அது முழு உண்மை.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம் வரி அடுக்குகளை மாற்றியது. 12, 28 சதவீதத்தில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5-க்கும் 18-க்கும் இறங்கின. செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு 28 போய் 18. 21-ஆம் தேதி இரவு உட்கார்ந்து வரி அட்டவணையை மாற்றினேன், காலையில் கடை திறந்தபோது பில் சரியாக வந்தது. நினைவுக் கோப்பில் இருந்த அந்த ஒரு குறிப்பு என் ஞாபகத்திலேயே இல்லை.

நான்கு நாள் கழித்து, புதிய கொட்டேஷன் படிவத்துக்குச் சோதனைத் தரவு எழுதச் சொன்னேன். சிமென்டுக்கு 28 போட்டிருந்தது. அட்டவணையில் 18 இருக்கிறதே என்றேன். நினைவில் 28 என்று உறுதியாக இருப்பதால் அட்டவணையில்தான் பிழையோ என்று சந்தேகப்பட்டதாகச் சொன்னது. அதன்மேல் கோபப்பட முடியாது. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நான்தான் எழுதிவைத்திருக்கிறேன், எது புதியது என்று அறிய அதற்கு வழியில்லை. இந்த சர்வரில் குறிப்பு என்பது வெறும் வாக்கியம். எழுதிய நாளை அது தானாகச் சேர்ப்பதில்லை. நாள் வேண்டுமென்றால் எழுதுபவர் வாக்கியத்துக்குள்ளேயே போட வேண்டும். நான் போட்டிருக்கவில்லை. பழைய குறிப்பை நீக்கிவிட்டு '18 சதவீதம்' என்று எழுதினேன். சரிசெய்துவிட்டதாக நினைத்தேன்.

அதே வாரம் ரிட்டர்ன் பகுதியையும் உதவியாளர்தான் திருத்தி எழுதியது. திரும்பி வரும் சரக்குக்கு கிரெடிட் நோட் போடும் பகுதி அது. பில்லில் ஒவ்வொரு ஐட்டத்தோடும் அன்றைய வரி விகிதம் பதிவாகியிருக்கிறது. ஆனால் புதிதாக எழுதிய நிரல் அதைப் பார்க்காமல் நேராக இன்றைய அட்டவணையிலிருந்து விகிதத்தை எடுத்தது. ஒரே விகிதம்தான் என்றும் உண்டு என்று நினைக்கும் ஒருவர் அப்படித்தான் எழுதுவார். விகிதம் ஒரு காலத்தில் வேறாக இருந்தது என்பதற்கு நினைவில் இருந்த ஒரே சாட்சியை நான் நீக்கியிருந்தேன். நிரலைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் நான்தான்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு கொத்தனார் பன்னிரண்டு மூட்டை சிமென்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். செப்டம்பர் 18-ஆம் தேதி பில். மூட்டை 300 ரூபாய், வரி தனி. 3,600-க்கு 28 சதவீதம் என்றால் 1,008 ரூபாய், மொத்தம் 4,608 கொடுத்திருக்கிறார். எங்கள் மென்பொருள் 18 சதவீதம் போட்டு 4,248-க்கு கிரெடிட் நோட் நீட்டியது. "அண்ணே, 360 ரூபா இடிக்குதே" என்றார். சித்தப்பா பில்லையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையிலிருந்து காசை எண்ணிக் கொடுத்து அனுப்பினார். அப்புறம் எனக்கு ஃபோன். "வித்த அன்னைக்கு என்ன வரியோ அதுதானப்பா திருப்பும்போதும். இது கூடவா மெஷினுக்குத் தெரியாது?"

மெஷினுக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. அதை மறக்கச் செய்தவன் நான்.

அன்று இரவு சித்தப்பாவின் பழைய பேரேடுகளை நினைத்துக்கொண்டிருந்தேன். கணினி வரும் முன் கடையில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். தவறாக எழுதிய எண்ணை அவர் சுரண்டி அழித்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு கோடு, கீழே எண் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியான எண், தேதி, சின்னதாக ஒரு கையெழுத்து. பழைய எண் அங்கேயே இருக்கும், இந்த நாளோடு இது செல்லாது என்பதும் இருக்கும். நினைவுக் கோப்பில் நான் செய்தது சுரண்டல்.

இப்போது ஏஜென்ட்ஸ் டாட் எம்டி கோப்பில் நினைவுக்கென்று நான்கு விதிகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு குறிப்பும் தேதியோடு தொடங்க வேண்டும். முடிவு மட்டும் போதாது, யார் சொன்னது, ஏன் என்று அரை வாக்கியமாவது வேண்டும். ஒன்று மாறினால் பழையதை நீக்கக் கூடாது, எந்த நாள் வரை செல்லும் என்று அதில் சேர்த்துவிட்டுப் புதியதைக் கீழே எழுத வேண்டும். நான்காவது, நினைவும் நிரலும் முரண்பட்டால் தானாக முடிவெடுக்காமல் என்னிடம் கேட்க வேண்டும். சிமென்டின் கீழ் இப்போது இரண்டு குறிப்புகள் இருக்கின்றன: '2025-09-21 வரை 28 சதவீதம்', '2025-09-22 முதல் 18 சதவீதம், ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு'. ரிட்டர்னின் கீழ் '2025-10-06, பில் தேதியின் விகிதமே செல்லும், சித்தப்பா' என்று ஒன்று. ரிட்டர்னிலிருந்து சிமென்டுக்கு ஓர் உறவும் போட்டிருக்கிறேன். ரிட்டர்ன் பகுதியில் கைவைக்கும்போதெல்லாம் சிமென்டின் குறிப்புகளையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

விதி எழுதிய பிறகு உதவியாளர் அதைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கிறது. செஷன் நீண்டுபோனால் தேதியை விட்டுவிடுவதுண்டு. அதனால் கிட்டில் சேர்க்கும் முன் நினைவுக் கோப்பில் என்ன மாறியது என்று ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன், இரண்டு நிமிட வேலை. அப்படிப் பார்த்தபோதுதான் ஒரு வாடிக்கையாளரின் கைபேசி எண் குறிப்பில் ஏறியிருந்ததைக் கண்டேன். பிழையைக் காட்டுவதற்காக ஒரு பில்லை அப்படியே ஒட்டியிருந்தேன், அது வேண்டிய தகவல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆள் பெயர், எண், கடன் பாக்கி, கடவுச்சொல் எதுவும் நினைவில் ஏறக் கூடாது என்று ஐந்தாவது விதி அன்றே சேர்ந்தது. வாசிக்க முடியாத டேட்டாபேஸாக இருந்திருந்தால் அந்த எண் இன்னும் அங்கேயே இருந்திருக்கும். தானியங்கி ப்ளக்இன்களைப் பாராட்டி எழுதுபவர்கள் இதைப் பற்றிப் பேசாதது எனக்கு வருத்தம்.

கோப்பு பெருத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? மொத்தத்தையும் ஒரேயடியாகப் படிக்கும் கருவி ஒன்று இதில் உண்டு. இன்றைக்கு என்னிடம் அறுபது சொச்சம் பொருள்கள்தான், படித்தாலும் தாங்கும். முந்நூறைத் தாண்டும் நிலை வந்தால், பெயர் சொல்லிக் கேட்டதை மட்டும் எடுக்கும்படி பழக்க வேண்டியிருக்கும். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் பெரிய மென்பொருளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் ஒரே வரியைத் திருத்தி கிட்டில் மோதிக்கொள்வார்கள். ஒருவரோ இருவரோ பார்க்கும் வேலைக்கு இதைவிட நல்லதை நான் இதுவரை காணவில்லை.

தமிழில் எழுதிவைப்பதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்வதாகச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கோப்பிலிருந்து குறிப்புகளை மட்டும் பிரித்து, மூன்று தாளில் அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கோடிங் என்றால் என்னவென்று தெரியாத சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டாம் தாளில் நிறுத்தினார். 'பெயின்ட் ரிட்டர்ன் எடுப்பதில்லை' என்று இருந்தது. தேதி விதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏதோ அவசரத்தில் நான் தட்டிவிட்ட வாக்கியம்.

"யாருப்பா சொன்னா? கலர் கலந்த டின்னைத்தான் எடுக்க மாட்டோம். மூடி தொறக்காத டின்னை எடுக்கலைன்னா நாளைக்கு யாரு நம்ம கடைக்கு வருவா?" சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு கிழித்தார். பக்கத்திலேயே சரியானதை எழுதிக் கீழே தேதி போட்டார்.

அந்தக் குறிப்பை நம்பி உதவியாளர் எழுதிய நிரலால் மென்பொருள் மூன்று வாரமாக எந்தப் பெயின்ட் டின்னையும் திரும்ப ஏற்காமல் இருந்திருக்கிறது. வந்த டின்களையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கடைப் பையன் கல்லாவுக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஏழு டின், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, பில் நம்பர், திருப்பிக் கொடுத்த தொகை.